பொட்டு வைத்த பிளக்

போன வாரம் உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார்: "அண்ணாச்சி, புது ஸ்பார்க் பிளக்க எதுக்கு இவ்வளவு நேரம் வெளிச்சத்துல பிடிச்சுப் பாக்கீங்க? கம்பெனியில பாக்காமலா அனுப்புதான்?" கேட்டவர் யார் என்று சொல்ல மாட்டேன், மற்றவர்கள் கேலி செய்வீர்கள். ஓய்வு பெற்ற பிறகும் வாரத்தில் ஒருநாள் பட்டறைக்கு வந்து, உங்கள் டீயைக் குடித்துவிட்டு, உங்களையே குறை சொல்லிவிட்டுப் போகிறவன் நான். அன்றைக்கு "பாக்கணும்லே, பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். அது பதில் இல்லை என்று எனக்கும் தெரியும். உண்மையான பதில் கொஞ்சம் நீளம், அதனால்தான் எழுதுகிறேன்.

பிளக்கை எப்படிக் கழற்றுவது, எவ்வளவு முறுக்குவது, முனையில் எவ்வளவு இடைவெளி விடுவது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். கையில் போன் வேறு இருக்கிறது, என்னைவிட நன்றாகவே தெரிந்திருக்கும். கம்பெனிக்காரன் பார்த்துத்தான் அனுப்புகிறான் என்பதும் சரி. ஆனால் கம்பெனிக்கும் சிலிண்டருக்கும் நடுவில் எத்தனை கை மாறுகிறது என்று யோசியுங்கள். லாரியில் ஏற்றுகிறவர், குடோனில் அடுக்குகிறவர், கடையில் ஸ்டூல் போட்டு மேல்தட்டிலிருந்து எட்டி எடுக்கிறவர். போதாததற்கு, தானே வாங்கி வந்தால் மலிவு என்று நினைத்து, காரின் கதவுப் பையில் சேவுப் பொட்டலத்தோடு பிளக்கையும் போட்டுக் குலுக்கிக்கொண்டே வரும் வண்டிக்காரர். பிளக் பீங்கான் சமாச்சாரம். வீட்டில் டீ கப் விழுந்தால் உடைந்தது ஊருக்கே தெரியும். பிளக் விழுந்தால் தெரியாது. இரும்புச் சட்டை போட்டிருக்கிறது அல்லவா, உள்ளே விரிசல் விட்டிருந்தாலும் வெளியே மாப்பிள்ளை மாதிரி நிற்கும்.

இனி அந்த ஆயுதபூஜைக்கு வருகிறேன். நான் வேலையை விடுவதற்குச் சில வருடங்களுக்கு முன்னால் நடந்தது.

அப்போது பட்டறை பழைய முதலாளியிடம் இருந்தது. பெயரைப் போட்டால் கோபிப்பார், முதலாளி என்றே சொல்கிறேன். தொழிலில் பாதியை அவர் சொல்லிக் கொடுத்துக் கற்றேன். மீதிப் பாதி, அவர் செய்கிற தப்பைப் பார்த்துக் கற்றது. இதை அவரிடமே சொல்லியிருக்கிறேன், சிரிப்பார். ஆனால் சாமி விஷயத்தில் சிரிப்பெல்லாம் கிடையாது. ஆயுதபூஜை அன்று ஒவ்வொரு ஸ்பேனரையும் அவரே துடைத்து, அவரே அடுக்கி, அவரே பொட்டு வைக்க வேண்டும். இருப்பில் உள்ள புதுச் சாமான்களிலும் வகைக்கு ஒன்று சாமி முன்னால் இருந்தாக வேண்டும். ஃபில்டர், பெல்ட், பிளக். அட்டைப் பெட்டியோடு வைக்கக் கூடாது, பெட்டியைப் பார்க்கவா சாமி வருகிறது என்பார். அதனால் ஒரு செட் பிளக்கை வெளியே எடுத்து எவர்சில்வர் தட்டில் நிறுத்தி, வெள்ளைப் பீங்கானில் சந்தனமும் அதன்மேல் குங்குமமும் வைப்பார். பூஜை முடிந்தால், மறுநாள் மறுபூஜை வரைக்கும் ஒரு சாமானையும் யாரும் தொடக் கூடாது. இப்போதும் உங்களுக்கு இதுதானே வழக்கம்.

அன்று காலை கற்பூரம் காட்டி முடித்து, நாங்கள் பொரியும் கடலையும் தின்றுகொண்டிருந்தபோது, வண்டிக்கு முன்னால் வண்டியின் சத்தம் வந்தது. ஒரு காலை இழுத்துக்கொண்டு நடப்பவரைப் போல ஒரு பெட்ரோல் கார் வெட்டி வெட்டி வந்து வாசலில் நின்றது. இறங்கியவர் பசுவந்தனை கந்தசாமி, கரிசலில் உளுந்தும் மக்காச்சோளமும் போடுகிற சம்சாரி. எங்களுக்குப் பழக்கமானவர்தான். பின் சீட்டில் ஒரு தலையணையில் சாய்ந்தபடி அவர் மனைவி செல்லத்தாய் இருந்தார். முகம் ஊதியிருந்தது, செருப்புக்குள் கால் அடங்கவில்லை.

"அண்ணாச்சி, நல்ல நாளும் அதுவுமா வந்து நிக்கேன், கோவிச்சுக்கிடாதீங்க" என்றார் கந்தசாமி. "இவளுக்கு இன்னைக்கு மத்தியானம் திருநெல்வேலியில டயாலிசிஸ். போன தடவ காச்சல்னு போவ முடியல. இன்னைக்கும் விட்டா அடுத்து எப்பம் கூப்பிடுவாவளோ, அதுவரைக்கும் இவ தாங்க மாட்டா. டாக்டரே சொல்லிட்டாரு."

எங்கள் எல்லோருடைய கண்ணும் முதலாளி பக்கம் திரும்பியது. அவர் சாமி படத்தைப் பார்த்தார். காருக்குள் இருந்தவரைப் பார்த்தார். பிறகு பலகைக்குப் போய், பிளக் ஸ்பேனர் மேல் கிடந்த செவ்வந்திப் பூவை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஸ்பேனரை என்னிடம் நீட்டினார்.

"எடுங்க. நாளைக்கு மறுபூஜைய ரெண்டு தடவயா பண்ணிக்கிடலாம்" என்றார்.

அந்த மனுஷர் மேல் எனக்கு அன்று வந்த மரியாதை இன்றும் குறையவில்லை. இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் இனி வருவதைப் படித்துவிட்டு நீங்கள் அவரைத் தப்பாக நினைக்கக் கூடாது.

பிளக்கைக் கழற்றியது சங்கரபாண்டி. இப்போது உங்களுக்கு ஹெட் மெக்கானிக்காக இருக்கிறானே, அவனேதான். இதையெல்லாம் எழுதலாமா என்று அவனிடம் கேட்டேன், எழுதுங்க என்று சொல்லிவிட்டான். பழைய பிளக்குகளில் இரண்டு முடிந்த கதை. ஒன்றில் பீங்கான் உடைந்திருந்தது, இன்னொன்றின் முனை கரைந்திருந்தது. மற்ற இரண்டும் தேய்ந்திருந்தாலும் இன்னும் கொஞ்சநாள் ஓடும். ஸ்பேர் கடை எல்லாம் மூடிக்கிடந்தது. இரண்டு கடைக்காரர்களுக்குப் போன் போட்டோம், மணி அடித்துக்கொண்டே இருந்தது. அந்த அளவில் எங்களிடம் இருந்தது ஒரே ஒரு செட், அதுவும் சாமி முன்னால் தட்டில் பொட்டோடு நின்ற செட். சங்கரபாண்டி பயபக்தியோடு தட்டை எடுத்துவந்தான். பழசைக் கழற்றிய கையோடு புதுசை உள்ளே விடப்போனான்.

நான் பிளக்கை வாங்கிப் பொட்டைத் துடைத்தேன்.

"என்ன அண்ணாச்சி, சாமி பொட்டப் போயி அழிக்கீங்க" என்றான். அவன் முகம் வாடிவிட்டது.

"சாமி கோவிச்சா நான் பேசிக்கிடுதேன். சிலிண்டர் கோவிச்சா யாருலே பேசுவா" என்றேன். வாய்ச்சவடாலாகத்தான் சொன்னேன். எனக்கும் உள்ளுக்குள் சங்கடமாகத்தான் இருந்தது. சந்தனம் ஈரமாகக் கெட்டியாக ஒட்டியிருந்தது. வேட்டி நுனியால் துடைத்துத் துடைத்து வாசல் வெயிலில் பிடித்துப் பார்த்தேன். முதல் பிளக் சுத்தம். இரண்டாவதும் சுத்தம். மூன்றாவதில் பொட்டு இருந்த இடத்திலிருந்து கீழ்நோக்கித் தலைமுடி மாதிரி ஒரு கோடு ஓடியது. நகத்தால் வருடினேன். நகம் தட்டியது. நான்காவதில் ஒன்றும் இல்லை.

இந்த இடத்தில் சாதாரணமாக ஒரு மெக்கானிக் என்ன செய்வான்? கோடு விழுந்த ஒன்றைத் தூக்கி ஓரத்தில் போடுவான். நல்லதாகத் தெரிகிற மூன்றோடு, பழசில் உருப்படியான ஒன்றைச் சேர்த்து மாட்டி அனுப்பிவிடுவான். கந்தசாமியும் அதையே கெஞ்சினார். "மூணு நல்லாத்தான இருக்கு அண்ணாச்சி. அதப் போட்டுத் தாங்க, நான் உருட்டிக்கிட்டே போயிருதேன்" என்றார். ஆனால் என் மனசில் ஒரு கேள்வி முள்ளாகக் குத்தியது. புது பிளக்கில் கோடு சும்மா வராது. ஒன்று கீழே விழுந்திருந்தால், ஒரே தட்டில் நின்ற மற்ற மூன்றும் சேர்ந்துதான் விழுந்திருக்கும். விழுந்த பிளக்கை வெளியே மட்டும் பார்த்து நம்ப முடியாது. பெட்டியில் வரும்போதே இந்த ஒன்று மட்டும் கெட்டு வந்திருந்தால் மற்ற மூன்றையும் தைரியமாக மாட்டலாம். விழுந்ததா இல்லையா என்பது தெரிந்தால்தான் எனக்கு மேலே வழி.

"இந்தத் தட்டு கீழ விழுந்துச்சா?" என்று பொதுவாகக் கேட்டேன்.

"விழலியே அண்ணாச்சி" என்றான் சங்கரபாண்டி.

முதலாளி விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும் என்பது உங்களுக்குத் தெரியும். அன்று கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. திருநெல்வேலி போகும் வழியில் கயத்தாறு தாண்டிவிட்டால் ரோட்டின் இரண்டு பக்கமும் நிழலுக்கு ஒரு மரம் தேட வேண்டும். அந்த வெயிலில் வண்டி நின்றால், ஊதிய காலோடு அந்த அம்மா எங்கே உட்காருவார்? நேரம் வேறு போய்க்கொண்டிருந்தது. சங்கரபாண்டி டாக்ஸி டிரைவர்களுக்குப் போன் போட்டுப் பார்த்தான். வண்டியைக் கழுவிப் பூஜைக்கு வைத்திருக்கிறோம், சாயங்காலம் பூஜை முடிந்துதான் எடுப்போம் என்று ஒருவர்போல எல்லோரும் சொன்னார்கள். ஆம்புலன்ஸைக் கூப்பிடலாமா என்று கேட்டதற்குச் செல்லத்தாய் தலையை ஆட்டினார். "நான் நடந்து ஏறுதவதான. மூச்சுக்கு முட்டுதவியளுக்கு அது வேணுமே" என்றார். அவருக்கே லேசாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. முட்டினால் இவரைக் கேட்காமலே கூப்பிட்டுவிடுவது என்று நான் முடிவு செய்துகொண்டேன்.

மெக்கானிக்குக்கு 'முடியாது' என்கிற வார்த்தை தொண்டையில் சிக்கும். வண்டியை ஓடவைத்துக் காட்டுவதுதானே நமக்குக் கௌரவம். அதிலும் ஒரு நோயாளி பின் சீட்டில் உட்கார்ந்து நம் கையையே பார்க்கும்போது, எதையாவது மாட்டி அனுப்பிவிட்டால் அவருக்கு உதவியதாக நமக்கே தோன்றும். அவசரத்தில் மாட்டுவதும் இரக்கத்தில் மாட்டுவதும் சிலிண்டருக்கு ஒன்றுதான். நான் கார் ஜன்னல் பக்கம் போய்க் குனிந்தேன்.

"அம்மா, இந்த பிளக்கு விழுந்துச்சா இல்லையான்னு எனக்குத் தெரியல. தெரியாம இத மாட்டி உங்கள நடு ரோட்டுக்கு அனுப்ப என்னால ஏலாது. என்னைய மன்னிச்சிருங்க" என்றேன்.

கந்தசாமி தலையில் கையை வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் முதலாளி எழுந்து வந்தார்.

"நான்தான்" என்றார். "காலையில பொட்டு வைக்கும்போது கை தட்டித் தட்டு சரிஞ்சிட்டு. நாலும் சிமெண்ட் தரையில உருண்டுச்சு. பூஜ சாமான் விழுந்தா அபசகுனம்னு சொல்லுவாவளே, நல்ல நாள்ல எதுக்கு வாயத் தொறக்கணும்னு எடுத்து அப்படியே நிறுத்தி வச்சிட்டேன். கீறல் இருக்குன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. எப்பமும் வைக்கமாதிரிதான் பொட்டு வச்சேன்."

முப்பது பேர் நடுவில் நின்று சொல்வதைவிட, தன்னிடம் சம்பளம் வாங்கும் நான்கு பேர் முன்னால் இப்படிச் சொல்வது கஷ்டம். அவர் சொன்னது எனக்குப் போதும், இனி அந்த நான்கில் ஒன்றையும் தொட வேண்டியதில்லை. ஆனால் செல்லத்தாய்க்கு அது போதாதே. அவர் இன்னும் திருநெல்வேலி போயாக வேண்டும்.

பட்டறைக்குப் பின்னால் முதலாளியின் புதுக் கார் நின்றது. முந்தின நாள்தான் எடுத்துவந்தது. வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நிறுத்தியிருந்தார்கள். மறுநாள் விடியற்காலையில் குடும்பத்தோடு குலதெய்வம் கோயிலுக்குப் போவதுதான் அதன் முதல் பயணம் என்று வீட்டில் ஏற்பாடு. அதுவரை கடைத்தெருவுக்குக் கூட எடுக்கக் கூடாது. அந்தக் கார் எங்கள் எல்லோருக்கும் காலையிலிருந்து கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருந்தது. அதைக் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை, எனக்கும்தான்.

முதலாளி போய் வாழைக்கன்றைக் கத்தியால் அறுத்தார். சாவியை எடுத்துக் காரை முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, பின் கதவைத் திறந்தார்.

"ஏறுங்கம்மா" என்றார்.

செல்லத்தாய் இறங்கவில்லை. "கோயிலுக்குன்னு வச்சிருக்க வண்டி அண்ணாச்சி. அதுல சீக்காளி ஏறலாமா? உங்க வீட்ல அவிய என்ன நெனப்பாவ?"

"தட்டக் கீழ போட்டதும் நான், மறச்சதும் நான். நீங்க என்ன பண்ணுனீங்க? ஏறுங்க" என்றார் முதலாளி. பிறகு குரலை இறக்கி, "நேரமாவுதும்மா" என்றார்.

கந்தசாமியும் நானும் தாங்கிப்பிடித்து அவரை ஏற்றினோம். முதலாளியே ஓட்டிக்கொண்டு போனார். பிற்பகலில் கந்தசாமி போன் செய்தார். "மெஷின்ல படுக்க வச்சிட்டாவ அண்ணாச்சி. முதலாளி போவ மாட்டேங்காரு, வெளிய பெஞ்சுல உக்காந்திருக்காரு" என்றார். எனக்கு அப்போதுதான் பசித்தது. பாதியில் வைத்துவிட்டுப் போன பொரியைத் தேடி எடுத்துத் தின்றேன்.

உங்களுக்கு இதிலிருந்து நான் சொல்ல நினைப்பது, பிளக்கை உற்றுப் பாருங்கள் என்பது மட்டும் அல்ல. பாருங்கள், கட்டாயம் பாருங்கள். பீங்கானைப் பாருங்கள், மரையைப் பாருங்கள், முனை வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். பொட்டு இருந்தால் துடைத்துவிட்டுப் பாருங்கள், சாமி நம்மைவிட விவரமானது. ஆனால் கண்ணுக்கு ஒரு எல்லை இருக்கிறது. அதற்கு அப்பால் நீங்கள் நம்ப வேண்டியது, அந்தச் சாமானை உங்களுக்கு முன்னால் கையில் வைத்திருந்தவரின் வாயை. அந்த வாய் திறக்க வேண்டுமானால், திறந்தால் அடி விழாது என்ற நம்பிக்கை அவருக்கு வேண்டும். நான் பார்த்த பட்டறைகளில் பெரும்பாலானவற்றில் சாமானைக் கீழே போட்டவனுக்கு முதலில் கிடைப்பது திட்டு. இரண்டாவது தடவை அவன் சொல்வானா? நைசாக எடுத்துத் துடைத்து வைத்துவிடுவான். நீங்களும் நாளைக்கு நாலு பேரை வைத்து வேலை வாங்குவீர்கள், அப்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கதை அன்றோடு முடியவில்லை. மறுநாள் மறுபூஜை ஆனபிறகு, கந்தசாமியின் வண்டியைத் தயார் செய்ய வேண்டியிருந்தது. எனக்கு ஒரு பிடிவாதம். நான் மாட்ட மறுத்தது சரியா, இல்லை வீணாக ஒரு நோயாளியைக் காக்கவைத்தேனா என்று இரவெல்லாம் அரித்துக்கொண்டிருந்தது. கீறல் இல்லாத அந்த மூன்று பிளக்கையும், பழசில் நல்லதாக ஒன்றையும் மாட்டினேன். நின்ற இடத்தில் எஞ்சின் வெண்ணெய் மாதிரி ஓடியது. சங்கரபாண்டி என்னைப் பார்த்த பார்வையில், பார்த்தீங்களா என்பது இருந்தது. நான் தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு திருநெல்வேலி ரோட்டில் போனேன்.

கயத்தாறு வரைக்கும் ஒரு குறையும் இல்லை. தாண்டி, ஒரு லாரியை முந்துவதற்காக மிதித்தேன். வண்டி வெட்டியது. விட்டுவிட்டு மறுபடி மிதித்தால் இன்னும் மோசமாக வெட்டியது. லாரி ஹாரன் அடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தது. எப்படியோ ஓரங்கட்டி நிறுத்தினேன். ஒரு பக்கம் உழுது போட்ட கரிசல், இன்னொரு பக்கம் ரோடு. நிழலே இல்லை. நான் சொன்னது சரியாகிவிட்டது என்று எனக்குப் பெருமை வரவில்லை. சங்கரபாண்டிக்குப் போன் போட்டு, கடை திறந்திருக்கும், புது செட் ஒன்று வாங்கிக்கொண்டு வா என்றேன்.

அவன் பைக்கில் வந்து சேர்ந்தான். எந்த பிளக், எப்படி நின்றது என்று ஒன்றும் கேட்கவில்லை. காரின் பின் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்துக்கொண்டு நின்றான். செல்லத்தாயின் தலையணை அங்கேயே கிடந்தது, தலை பதிந்த பள்ளத்தோடு.

"அண்ணாச்சி" என்றான். "தட்டு சரிஞ்சப்போ நானும் அங்கனதான் நின்னேன். பாத்தேன்."

நான் அவன் பக்கம் திரும்பினேன்.

"நீங்க கேட்டப்போ விழலன்னு சொல்லிட்டேன். முதலாளி மொகம் சுண்டிரப்பிடாதேன்னு. நீங்க இன்னொரு தடவ கேட்டிருந்தாலும் விழலன்னுதான் சொல்லிருப்பேன். அந்த அம்மா இதுல ஏறிப் போயிருப்பாவ." கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டான்.

திட்டலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். வரவில்லை. பெட்டியைக் கொடு என்று கையை நீட்டினேன். கொடுத்தான். பிரிப்பதற்கு முன்னால் கேட்டேன்: "கடையில இது கீழ விழுந்துச்சான்னு கேட்டியாலே?"

"கேட்டேன் அண்ணாச்சி. என்னப்பா, பிளக்குக்கு ஜாதகம் பாக்கியான்னு கடக்காரரு சிரிச்சாரு" என்றான். "இன்னொரு தடவயும் கேட்டேன்."